சான்று தாங்கும் அளவே வாதம்

பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட நான்காண்டு இளநிலைப் படிப்புச் சட்டகத்தின்படி, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடோ அதற்கு மேலோ மதிப்பெண் பெற்ற மாணவர் நான்காம் ஆண்டில் ஆய்வைத் தேர்ந்தெடுக்கலாம். அவர் எழுதும் ஆய்வேட்டுக்கு 12 கிரெடிட். கேரளத்துப் பல்கலைக்கழகங்கள் 2024 ஜூலையில் நான்காண்டு முறைக்கு மாறின. முனைவர் பட்டத்துக்கும் முதுகலைக்கும் உரியதாக இருந்த வேலை இப்போது இருபது, இருபத்தொரு வயது மாணவரின் மேசைக்கு வந்திருக்கிறது. திருவனந்தபுரம் யுனிவர்சிட்டி காலேஜின் தமிழ்த்துறைக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டின் கல்லூரிகளுக்கும் நாளை பொருந்தக்கூடும். ஆனால் ஆய்வுக் கட்டுரையை எப்படிக் கட்டுவது என்று கேட்கும் மாணவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு தலைப்புப் பட்டியல்தான்: முன்னுரை, ஆய்வு நோக்கம், ஆய்வு எல்லை, ஆய்வு முறை, இயல் பகுப்பு, முடிவுரை. எப்படித் திருத்துவது என்று கேட்டால் சந்திப் பிழை, ஒற்றுப் பிழை, மேற்கோள் குறி, அடிக்குறிப்பு ஒழுங்கு என்று விடை வருகிறது. கட்டுவது முதலில், திருத்துவது கடைசியில் என்று இரண்டும் இரு வேலைகளாகப் பிரிந்து நிற்கின்றன. இந்தப் பிரிவினைதான் நம் கல்லூரிக் கட்டுரைகளைப் பலவீனமாக்குகிறது என்பது என் துணிபு. கட்டுரையின் கட்டமைப்பு என்பது எந்தக் கூற்று எந்தச் சான்றின்மேல் நிற்கிறது என்ற வரிசை. திருத்தம் என்பது அந்தக் கூற்றின் அளவைச் சான்று தாங்கும் அளவுக்குக் கொண்டுவரும் வேலை. ஆகவே இரண்டும் ஒரே வேலையின் இரு முகங்கள்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இன்றைய யுனிவர்சிட்டி காலேஜ் மகாராஜா கல்லூரியாக இருந்த காலத்தில் அங்கே தத்துவப் பேராசிரியராக இருந்தவர் பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897). 1891இல் வெளிவந்த ‘மனோன்மணீயம்’ அவருக்குத் தந்த புகழ், அதன் பாயிரத்தில் உள்ள தமிழ்த்தாய் வணக்கம் பின்னாளில் தமிழ்நாட்டின் அரசுப் பாடலானதால் இன்னும் பெருகியது. அந்தப் புகழ் அவருடைய ஆய்வு முகத்தை ஓரளவு மறைத்துவிட்டது. 1890-களில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு ஆய்வுகள் தமிழ் வரலாற்றெழுத்துக்கு முக்கியமானவை. ஒன்று, கல்வெட்டுகளைக் கொண்டு பழைய வேணாட்டு அரசர்களை வரிசைப்படுத்திய 1894ஆம் ஆண்டு நூல். மற்றொன்று, திருஞானசம்பந்தர் எந்தக் காலத்தவர் என்று ஆராயும் கட்டுரை. இரண்டாவது கட்டுரையை இன்றைய வகுப்பறையில் மாதிரியாக வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அதில் உள்ள சான்றுகளில் ஒன்று இன்று பலருக்கு ஏற்புடையதாக இல்லை. அதன் முடிவோ பெரும்பாலும் நிலைத்துவிட்டது. சான்று ஒன்று தளர்ந்த பின்னும் ஒரு வாதம் எப்படி நிற்கிறது என்பது கட்டமைப்பைப் பற்றிய கேள்விதான்.

சுந்தரம் பிள்ளை எழுதத் தொடங்கியபோது சம்பந்தர் காலம் பற்றிய கருத்துகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. சம்பந்தரைக் கூன் பாண்டியனோடு சேர்த்துச் சொல்வது மரபு. அந்தப் பாண்டியனைக் கிறிஸ்துவுக்கு முற்பட்டவனாக வைத்தோர் ஒருபுறம். அவனை மார்க்கோ போலோ குறிப்பிடும் சுந்தர பாண்டியனாகக் கண்டு, சம்பந்தரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்த கால்டுவெல் மறுபுறம். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் பெற்றிருந்த செல்வாக்கில் அந்தக் கருத்தை அசைப்பது எளிதன்று. சுந்தரம் பிள்ளை தம் முடிவை முதலில் அறிவித்துவிட்டு அதற்கு ஆதரவு திரட்டவில்லை. எதிர்த்தரப்பு எதன்மேல் நிற்கிறது என்று காட்டிவிட்டு, பிற்காலத்திலிருந்து முற்காலம் நோக்கிப் படிப்படியாக இறங்குகிறார். சேக்கிழாருக்குச் சம்பந்தர் பழங்கால அடியார். ஆகவே சம்பந்தர் சேக்கிழாருக்கு முற்பட்டவர். சேக்கிழாருக்கு முன்னோரான நம்பியாண்டார் நம்பிக்கும் அவர் பழையவரே. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கல்வெட்டுகள் திருப்பதியம் பாடுவதைக் குறிப்பிடுவதால், அந்தப் பதிகங்கள் பதினோராம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே வழிபாட்டில் நிலைபெற்றவை. இந்தப் படிகளில் எதுவும் சம்பந்தர் இன்ன ஆண்டில் வாழ்ந்தார் என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றும் இதற்குப் பிந்தியவர் அல்லர் என்று மட்டுமே சொல்கிறது. ஆனால் இரண்டாம் படியை எட்டும்போதே பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கருத்து விழுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் எல்லையை மேலும் முன்னே தள்ளும் வேலை.

இப்படி இறங்கி அவர் எட்டிய கடைசிப் படிகளில் ஒன்று ‘சௌந்தர்யலஹரி’. அதில் வரும் திராவிடக் குழந்தை சம்பந்தரே என்று கொண்டு, அந்நூலை இயற்றியவராகச் சொல்லப்படும் ஆதிசங்கரருக்கு முற்பட்டவர் சம்பந்தர் என்று வாதிட்டார். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிந்தியவராக அவரைக் கொள்ள முடியாது என்பது அவர் கண்ட முடிவு. அந்நூல் சங்கரருடையதா என்பதிலேயே இன்று பல அறிஞர்களுக்கு ஐயம் உண்டு. அந்தக் குழந்தை யார் என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. சங்கரர் காலமும் பலவாறு கணிக்கப்படுகிறது. இந்தப் படி உடைந்தால் என்ன ஆகும்? சம்பந்தர் பதினோராம் நூற்றாண்டுக்கு முற்பட்டவர் என்ற வலுவான கூற்று அப்படியே நிற்கும். ஏழாம் நூற்றாண்டு என்ற கூர்மையான கூற்று மட்டும் வேறு சான்றுக்குக் காத்திருக்கும். உறுதியான சான்றின்மேல் அகலமான கூற்று, அதற்கு மேலே ஐயத்துக்கிடமான சான்றின்மேல் கூர்மையான கூற்று என்று அடுக்கப்பட்டிருப்பதால் மேலடுக்கின் பழுது கீழே இறங்கவில்லை. இதே சான்றுகளை வேறு வரிசையில் வைத்திருந்தால், அதாவது சங்கரரை அடிப்படையாக்கி மற்றவற்றைத் துணைக்கு நிறுத்தியிருந்தால், சௌந்தர்யலஹரியின் ஆசிரியரைப் பற்றிய ஐயம் எழுந்த நாளிலேயே கட்டுரை முழுவதும் காலாவதி ஆகியிருக்கும். சான்றுகள் மாறவில்லை, அவற்றின் வரிசைதான் கட்டுரையைக் காப்பாற்றியது.

காத்திருந்த இடத்துக்குச் சான்று வந்தது. கல்வெட்டறிஞர் வி. வெங்கையா பெரியபுராணத்தின் சிறுத்தொண்டர் கதையில் ஒரு பிடியைக் கண்டார். சிறுத்தொண்டர் தம் அரசனுக்காக வாதாபியை அழித்தவர் என்று அந்தக் கதை சொல்கிறது. சம்பந்தரோ செங்காட்டங்குடிப் பதிகத்தில் சிறுத்தொண்டரைப் பாடியிருக்கிறார். வாதாபி சாளுக்கியர் தலைநகர். அதை வென்றவன் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் என்பதைக் கூரம் செப்பேடுகள் காட்டுகின்றன. அந்த வெற்றி 642ஐ ஒட்டியது. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டவர் என்பதற்கு இலக்கியத்துக்கு வெளியிலிருந்து இப்படி ஒரு பிடிமானம் கிடைத்தது. சுந்தரம் பிள்ளையின் கட்டுரை 1896இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் வந்தபோது வெங்கையாவின் முன்குறிப்பு அதற்கு முன்னே நின்றது. இங்கே நடந்த திருத்தத்தின் தன்மையைக் கவனிக்க வேண்டும். நடை செம்மையானதா, சொற்கள் மாறினவா என்பது யாருக்கும் நினைவில்லை. கட்டுரையின் மிக மெல்லிய மூட்டு எது என்பது வாசகருக்குத் தெரியும்படி எழுதப்பட்டிருந்தது. புதிய சான்று அந்த மூட்டில் வந்து பொருந்தியது. நன்றாகக் கட்டப்பட்ட கட்டுரையைப் பிறராலும் திருத்த முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது.

எதிர்த்தரப்பை முதலில் நிறுத்தும் இந்த முறையைச் சுந்தரம் பிள்ளை ஆங்கிலக் கல்வியிலிருந்து மட்டும் பெற்றார் என்று எண்ண வேண்டியதில்லை. சைவ சித்தாந்தத்தில் ஊறியவர் அவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய ‘சிவஞான சித்தியார்’ பரபக்கம், சுபக்கம் என்று இரு பகுதியாக நிற்கிறது. உலகாயதம் தொடங்கிப் பாஞ்சராத்திரம் வரை பதினான்கு பிற தரப்புகளை எடுத்து நிறுத்தி மறுப்பது பரபக்கம். அதன் பிறகே தன் கொள்கை. பவணந்தியின் நன்னூல் நூலாசிரியன் கொள்ளத்தக்க எழுவகை மதங்களைச் சொல்லும்போது உடன்படுதலையும் மறுத்தலையும் பிறர் கருத்தை ஏற்று நடந்து பின் களைவதையும் இருவர் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கம் துணிவதையும் எண்ணுகிறது. உரையாசிரியர்கள் தடை எழுப்பி விடை கூறுவதையே நடையாகக் கொண்டவர்கள். தமிழ் மாணவர் இவற்றை இலக்கண வினாவாகப் படித்து, ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதி, மறந்துவிடுகிறார். தம் கட்டுரையில் யாரை மறுக்கிறோம், யாருக்கு உடன்படுகிறோம் என்ற கேள்வி அவருக்கு எழுவதில்லை. மரபு கற்றுத்தந்த வாதமுறை பாடப்பொருளாக எஞ்சி, எழுத்துமுறையாக இல்லாமல் போனது வியப்புக்குரியது.

இன்றைய கட்டுரை ஒன்றில் இது எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். திருவனந்தபுரத்து மாணவர் எடுக்கக்கூடிய இயல்பான தலைப்பு: ஆ. மாதவன் கதைகளில் சாலைக் கடைத்தெரு. வழக்கமான இயல் பகுப்பு ஆசிரியர் வாழ்க்கை, படைப்புகள், கதைமாந்தர், மொழிநடை, முடிவுரை என்று போகும். இந்த ஐந்தையும் எந்த வரிசையில் மாற்றி வைத்தாலும் கட்டுரைக்கு ஒன்றும் ஆகாது. ஒன்று மற்றொன்றைத் தாங்கவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். மாறாக, கடைத்தெருக் கதைகளின் மையம் வணிகர் அல்லர், சந்தையின் ஓரத்தில் பிழைப்பவர்களே என்று மாணவர் ஒரு துணிபோடு தொடங்கட்டும். உடனே வேலை தொடங்குகிறது. எந்தெந்தக் கதைகளில் அவர்கள் மையம்? எவற்றில் இல்லை? அவர்கள் யார் கண்ணால் பார்க்கப்படுகிறார்கள்? மாதவன் அந்தத் தெருவிலேயே கடை வைத்திருந்தவர் என்ற செய்தி இப்போது ‘ஆசிரியர் வாழ்க்கை’ என்ற இயலில் சும்மா கிடக்காது. துணிபுக்கு எதிரான தடையாக வந்து நிற்கும். ஓரத்து மனிதர்கள் கதையில் நிறைந்திருக்கலாம், ஆனால் பார்வை கடைக்குள் இருப்பவருடையதாயிற்றே என்று ஒரு வாசகர் கேட்பார். அந்தத் தடையை எடைபோட்ட மாணவர் தம் துணிபைத் திருத்துவார்: இந்தக் கதைகள் ஓரத்து மனிதர்களைக் கடைக்காரரின் அண்மையிலிருந்தும் தொலைவிலிருந்தும் ஒருசேரப் பார்க்கின்றன. இந்தத் துணிபு எல்லாக் கதைகளுக்கும் பொருந்துமா என்பது வாசித்துத்தான் தெரியும். ஆனால் முதல் துணிபைவிட இது நுட்பமானது. இதற்கு வேண்டிய சான்றும் வேறு, இயல் வரிசையும் வேறு. துணிபு மாறியதும் கட்டமைப்பு மாறிவிட்டது. அதனால்தான் திருத்தத்தைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்க முடியாது.

இது முதல் வரைவோடு முடியும் காரியமும் இல்லை என்பதற்கு இதே நகரின் வரலாற்றெழுத்து இன்னொரு சான்று தருகிறது. யுனிவர்சிட்டி காலேஜில் மலையாளப் பேராசிரியராக இருந்த இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை (1904–1973), பதினோராம் நூற்றாண்டில் சேரருக்கும் சோழருக்கும் நூறாண்டுப் போர் நடந்தது என்றும் கேரளச் சமூக அமைப்பின் பெரிய மாற்றங்கள் அதன் விளைவு என்றும் எழுதினார். கல்வெட்டுகளை மலையாளிகளின் பொது அறிவுக்குக் கொண்டுவந்ததில் அவர் பங்கு பெரிது. ஆனால் அந்தப் போர்க் கூற்று தன் சான்றைவிடப் பெரியதாக இருந்தது. எம்.ஜி.எஸ். நாராயணன் 1970-களின் தொடக்கத்தில் கேரளப் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் கல்வெட்டுகளை மீண்டும் படித்து, சேரப் பெருமாள்களின் கால வரிசையை மாற்றி அமைத்தார். நூறாண்டுத் தொடர்போருக்கு அவை இடம் தரவில்லை என்றார். அந்த ஆய்வேடு 1996இல் ‘பெருமாள்ஸ் ஆஃப் கேரளா’ என்ற நூலாக வந்தது. 2013இல் அது மறுபடி வந்தபோது, பிராமணச் சிறுகுழு ஆட்சியும் சடங்கு அரசமும் என்ற பொருள்படும் துணைத்தலைப்பு சேர்ந்திருந்தது. பெருமாள் ஆட்சியின் இயல்பைப் பற்றிய அவருடைய விளக்கமே இடையில் மாறியிருந்தது. நாற்பதாண்டுக்குப் பிறகு ஒரு வரலாற்றாசிரியர் தம் நூலின் துணிபைத் திருத்தும்போது மாறுவது அதன் எழுத்துப்பிழை இல்லை, தலைப்பே மாறுகிறது. திருத்தம் எவ்வளவு ஆழம் போக முடியும் என்பதற்கு இது அளவுகோல்.

இதற்கு எழக்கூடிய முதல் தடை நியாயமானது. சுந்தரம் பிள்ளையும் நாராயணனும் முதிர்ந்த அறிஞர்கள்; இளநிலை மாணவருக்கு முதலில் வேண்டியது ஒரு சட்டம், அது இல்லாவிட்டால் எழுதவே தொடங்க மாட்டார். முன்னுரையும் முடிவுரையும் உள்ள தலைப்புப் பட்டியல் ஆயிரக்கணக்கான மாணவர்களை எழுத வைத்திருக்கிறது என்பதும் உண்மை. நான் அந்தச் சட்டத்தைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. அதன் இடம் எது என்று கேட்கிறேன். அது வாசகருக்கான வழிகாட்டிப் பலகை. வாதத்தை அதனால் உண்டாக்க முடியாது. தொடக்க மாணவருக்குச் சட்டம் வேண்டும் என்றால், தலைப்புகளுக்குப் பதிலாக மூன்று வாக்கியங்களைத் தரலாம்: இதுவரை இவ்வாறு கருதப்பட்டது, இந்தச் சான்றால் அது பொருந்தவில்லை, ஆகவே இந்த அளவுக்கு இப்படிச் சொல்லலாம். இதுவும் சட்டம்தான், முந்தையதைவிட எளிமையான சட்டம். ஆனால் இதை நிரப்ப மாணவர் பிறரை வாசித்தாக வேண்டும், சான்று தேடியாக வேண்டும், தம் கூற்றை அளந்தாக வேண்டும். பழைய பட்டியலை இவற்றில் ஒன்றும் செய்யாமலே நிரப்பிவிட முடிகிறது.

இரண்டாவது தடை காலம் பற்றியது. ஒரு பருவம் சில மாதங்களில் முடிந்துவிடும். ஒரே ஆசிரியர் பல மாணவர்களுக்கு நெறியாளர். பல வரைவுகளைப் படிக்க யாருக்கு நேரம்? பிழை திருத்துவதே பெரும்பாடு. இந்தத் தடை உண்மையில் என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. இன்று ஆசிரியரின் நேரம் போவது முழு வரைவின் வரிகளுக்கிடையே சிவப்பு மையில் ஒற்று இடுவதில். அவற்றில் பாதிப் பத்திகள், வாதம் சரியாகத் திருத்தப்பட்டால், நீக்கப்பட வேண்டியவை. நீங்கப்போகும் பத்தியில் சந்திப்பிழை திருத்துவது வீண். வரைவை எழுதி முடித்த மாணவர் ஒவ்வொரு பத்தியும் என்ன நிறுவுகிறது என்று ஒரே வாக்கியத்தில் ஒரு தாளில் எழுதட்டும். எந்த வாக்கியமும் கிடைக்காத பத்தி தகவல் குவியல். ஒரே வாக்கியம் இருமுறை வந்தால் கூறியது கூறல். முன்னதைச் சாராமல் நிற்கும் வாக்கியம் இடம் தவறியது. ஆசிரியர் படிக்க வேண்டியது அந்த ஒரு தாளைத்தான். அங்கே துணிபும் வரிசையும் சரியான பிறகு மொழிப்பிழைக்கு வரலாம். மொழிப்பிழை முக்கியமில்லை என்பது என் கருத்தில்லை. அது கடைசி வேலை என்பதே கருத்து. பிழையற்ற பத்திகளை நொடியில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மாணவர் கையில் இருக்கும் காலத்தில் இந்த வரிசை இன்னும் அவசியமாகிறது. சீரான நடையை மட்டும் அளக்கும் மதிப்பீடு இனி யாருடைய உழைப்பையும் அளக்காது. துணிபு ஏன் மாறியது என்று கேட்டால், உழைத்தவருக்கே விடை தெரியும்.

மூன்றாவது தடை சற்று நுட்பமானது. கூற்றைச் சான்றின் அளவுக்குக் குறைத்துக்கொண்டே போனால், எதையும் துணிந்து சொல்லாத கோழைக் கட்டுரைகள்தானே மிஞ்சும்? ‘இருக்கலாம்’, ‘எனக் கருதலாம்’, ‘மேலும் ஆராயத்தக்கது’ என்று ஒவ்வொரு வரிக்கும் வேலி போட்ட கட்டுரைகளை நாம் பார்க்காமல் இல்லை. ஆனால் அவை அளந்து எழுதப்பட்டவை அல்ல, அளக்க மறுத்து எழுதப்பட்டவை. எல்லாக் கூற்றுக்கும் ஒரே அளவு தயக்கத்தைப் பூசுவது, எந்தக் கூற்று எவ்வளவு உறுதி என்று முடிவு செய்யும் பொறுப்பிலிருந்து தப்பும் வழி. சுந்தரம் பிள்ளை கால்டுவெல்லை மறுத்த இடத்தில் தயங்கவில்லை. அந்த மறுப்புக்கு வேண்டிய சான்று அவரிடம் முழுமையாக இருந்தது. அளத்தல் என்பது குறைத்தல் மட்டுமன்று. சான்று அனுமதிக்கும் இடத்தில் கூற்றைப் பெரிதாக்குவதும் திருத்தமே. சம்பந்தரின் காலத்தை நிறுவப் புறப்பட்ட அவருடைய கட்டுரை, தமிழிலக்கிய வரலாற்றுக்கே மைல்கற்கள் நடும் முயற்சி என்று தன் தலைப்பில் சொல்லிக்கொண்டது. ஓர் அடியாரின் காலம் உறுதியானால் அவருக்கு முன்னும் பின்னும் உள்ள பலரின் காலமும் தெளிவாகும் என்ற பெரிய கூற்று அதில் அடங்கியிருக்கிறது. கீழடுக்கு உறுதியாக இருந்ததால் அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது.

கல்லூரிகள் செய்யக்கூடியது எளிமையானது. ஆய்வேட்டுக்கான மதிப்பெண்ணில் ஒரு பங்கைத் திருத்தத்துக்கு ஒதுக்கலாம். மாணவர் தம் முதல் துணிபை ஒரு வாக்கியமாகவும் இறுதித் துணிபை ஒரு வாக்கியமாகவும் எழுதி, எந்தச் சான்று அல்லது எந்தத் தடை இந்த மாற்றத்தை உண்டாக்கியது என்று ஒரு பக்கம் விளக்கட்டும். இரண்டு வாக்கியமும் ஒன்றாகவே இருந்தால், எல்லாத் தடைகளையும் எதிர்கொண்டும் ஏன் மாறவில்லை என்று விளக்கட்டும். வாய்மொழித் தேர்வில் கட்டுரையின் மிக மெல்லிய சான்று எது என்று கேட்கலாம். அதை அடையாளம் காட்டத் தெரிந்த மாணவருக்குத் தம் கட்டுரை எப்படி நிற்கிறது என்பது தெரியும். அப்படி ஒரு கேள்வி வரும் என்று முதல் பருவத்திலேயே தெரிந்தால், முன்னுரைக்கும் முடிவுரைக்கும் இடையே தகவலை நிரப்பும் பழக்கம் தானே குறையும். ஆய்வு இளநிலைக்கு இறங்கிவந்ததைத் தரம் தாழ்வதாக எண்ணுவோர் உண்டு. இருபது வயதில் ஒருவர் தம் கருத்தைச் சான்றுக்குக் கட்டுப்படுத்தப் பழகினால், பின்னாளில் ஆய்வாளர் ஆகாவிட்டாலும், எதையும் எவ்வளவு நம்பலாம் என்று அளக்கத் தெரிந்த வாசகராக இருப்பார். நான்காம் ஆண்டின் 12 கிரெடிட் அந்தப் பயிற்சிக்கே போனால் அது வீணாகாது.